என் கதையின் பிள்ளையை அழவைக்கச் சொல்லாதீர்கள்

திருகோணமலையில் இளையோர் நாவல் போட்டியை நடத்திய இலக்கிய வட்டத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

உங்கள் கடிதம் என் கைக்கு வந்து 11 நாட்கள் ஆகின்றன. முதல் நாள் பதில் எழுத உட்கார்ந்தபோது கோபம்தான் வந்தது, சொல் வரவில்லை. இப்போது என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மூன்று நடுவர்களும் ஒருமித்து என் பிரதியை முதலிடத்துக்குத் தேர்ந்தார்கள் என்று கடிதத்தின் முதல் பந்தியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பந்தியில், சில திருத்தங்களுக்கு நான் சம்மதித்தால் மட்டும் பரிசும் பதிப்பும் உண்டு என்கிறீர்கள். கதாநாயகி பாடசாலையின் முதலாம் பிள்ளையாக இருக்கக்கூடாது. கடைசி அத்தியாயத்தில் அவள் தன் தவறை உணரவேண்டும். அது முடியாவிட்டால், அவள் விரும்புகிற பெண் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய்விடலாம். அப்புறம், பகிடிகளைக் குறைக்க வேண்டும். பாரதூரமான ஒரு விடயத்தைச் சிரிப்பாக எழுதுவது பொருத்தமில்லை.

இவற்றில் ஒன்றையும் நான் செய்யமாட்டேன். காரணத்தை உங்களுக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் எனக்குக் கடிதம் போட்ட அதே நாளில் உங்களில் ஒருவர் என் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். 26 வயதுப் பெண் எழுதிய நாவலைப் பற்றிப் பேச அவளுடைய அப்பாவைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். மகள் எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியுமா, குடும்பத்தின் பெயர் என்னாகும் என்று கேட்டிருக்கிறார். அப்பா படகு எஞ்சின் திருத்துகிறவர். கையில் எண்ணெயோடு நின்றபடி அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்: "அவள் எழுதினது எனக்குத் தெரியும். என்ன கேக்கவேணுமெண்டாலும் அவளிட்ட கேளுங்கோ." என்னைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லித் தெரியும். நீங்கள் மறைவாகப் பேச நினைத்ததை நான் வெளியில் பேசுகிறேன், இதை வாசிப்பவர்களும் கேட்கட்டும்.

அவர்கள் நாவலை வாசித்ததில்லை. ஆகவே கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பல்கலைக்கழகம் போவதற்கு எழுதுகிற உயர்தரப் பரீட்சைக்கு, உயிரியல் பிரிவில் படிக்கிற ஒரு பிள்ளை. பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியைப் பற்றியே எந்நேரமும் கதைப்பதால் வகுப்பில் அவளுக்கு "இசட்" என்றே பெயர். காலை 4.30க்கு எழும்புவாள். அறைச் சுவரில் நிறம் நிறமாக நேரசூசி ஒட்டியிருப்பாள். அவளுக்கு ஒரு போட்டிக்காரி இருக்கிறாள். மூதூரிலிருந்து வந்து மாமி வீட்டில் நின்று படிக்கிறவள், இரசாயனவியலில் எப்போதும் இரண்டு புள்ளி கூடுதலாக எடுக்கிறவள். முதல் ஆறு அத்தியாயங்களில், அவளை வெறுப்பதற்கென்றே இசட் தன் நேரசூசியில் நாளுக்குப் 15 நிமிடம் ஒதுக்கி வைத்திருக்கிறாள். ஏழாம் அத்தியாயத்தில் பிரெட்ரிக் கோட்டை வாசலில் ஒரு மான், இசட்டின் கடந்தகால வினாத்தாள் கட்டில் பாதியைத் தின்றுவிடுகிறது. போட்டிக்காரி ஒன்றும் பேசாமல் தன்னுடைய கட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அன்றிரவு இசட்டுக்குப் படிப்பு ஓடவில்லை. என்ன காரணமென்று கண்டுபிடிக்கத் தானே ஒரு பல்தேர்வு வினா தயாரிக்கிறாள். உயர்தரத்தில் இருப்பதுபோல ஐந்து விடைகள். ஐந்தாவது, "மேற்கூறிய அனைத்தும்."

வீட்டில் முதலில் விஷயத்தைப் பிடிப்பவர் அம்மம்மா. ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். "அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து இடியப்பம் அவிக்கட்டோ?" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த இரண்டு பிள்ளைகளும் கைகோர்ப்பது நாவல் முழுவதிலும் ஒரே ஒரு தடவை. மூதூர் போகிற பேருந்தில், கிண்ணியாப் பாலத்தின் 396 மீட்டரையும் வண்டி கடந்து முடியும்வரை. பாலம் முடிந்ததும் நடத்துநர் மிச்சக்காசு கொடுக்க வருகிறார், கையை எடுத்துவிடுகிறார்கள்.

பெறுபேறு வருகிற இரவில் இணையத்தளம் திறக்க மறுக்கிறது. வீடு முழுக்க ஆளுக்கொரு போனில் சுட்டெண்ணை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இசட்டுக்கு மூன்று ஏ, மாவட்டத்தில் இரண்டாமிடம். முதலிடம் போட்டிக்காரிக்கு. மறுநாள் பின்னேரம் டச்சு வளைகுடாக் கடற்கரையில் இசட் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கிறாள். கதை அதோடு முடிகிறது.

முதலில் அந்த முதலாம் பிள்ளை விடயத்தைப் பேசுவோம். மற்றப் பிள்ளைகளுக்கு அவள் முன்மாதிரியாகிவிடுவாள், ஆகவே சாதாரணமாகப் படிக்கிற ஒருத்தியாக மாற்றுங்கள் என்கிறீர்கள்.

இசட்டை நான் முதலாம் பிள்ளையாக்கியது அலங்காரத்துக்கு அல்ல. அவளுடைய கதையே அங்கிருந்துதான் ஓடுகிறது. உயிரியல் போன்ற பிரிவுகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும், 55 வீதம் மாவட்ட அடிப்படையில் போகும், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் நம் திருகோணமலையும் ஒன்று. இதற்கு இங்குள்ள பிள்ளையின் வாழ்க்கையில் என்ன அர்த்தம்? நாங்கள் முட்டிமோதுவது முகம் தெரியாத கொழும்புப் பிள்ளையோடு மட்டுமல்ல, பக்கத்து வாங்கில் இருந்து சேர்ந்து கச்சான் கொறிக்கிறவளோடும்தான். அவளுடைய ஒரு தசமப்புள்ளி என்னுடைய இடத்தைத் தள்ளிவிடும். அப்படி ஒரு இடத்தில் ஒருத்திக்கு மற்றவள்மேல் ஆசை வந்தால், தன் வினாத்தாள் கட்டைத் தூக்கிக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்த மாவட்டத்தில் உயர்தரம் எழுதிய எவருக்கும் தெரியும். இசட்டைச் சாதாரண மாணவியாக்கினால் மானும் வேண்டாம், கட்டும் வேண்டாம், கதையும் வேண்டாம்.

இது கதை எழுதியவள் சொல்லும் காரணம். எனக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதை இதுவரை வெளியில் யாருக்கும் சொன்னதில்லை.

2015ஆம் ஆண்டு, நான் பதினோராம் தரம். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. எனக்கும் என் சிநேகிதிக்கும் ஒரு கொப்பி இருந்தது. பாடத்துக்கு நடுவே அவள் ஒரு பக்கம் எழுதுவாள், நான் ஒரு பக்கம் எழுதுவேன். பதினாறு வயதில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு எழுதக்கூடியவை, அவ்வளவுதான். ஒரு நாள் அது ஆசிரியர் ஒருவர் கையில் சிக்கியது. இருவரையும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். கொப்பியில் இரண்டு கையெழுத்தும் சம அளவில் இருந்தன, உண்மையில் என்னுடையதுதான் கொஞ்சம் கூட. அவளை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்கள். நீ 9 ஏ எடுக்கவேண்டிய பிள்ளை, பள்ளிக்கூடம் உன்னை நம்பி இருக்கிறது, இதை மறந்துவிட்டுப் படி என்றார்கள். அடுத்த கிழமை அவளுடைய மாமா வந்து விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு அவளைக் கூட்டிப் போனார். கணக்கில் 60க்கு மேல் எடுக்காத பிள்ளை அவள். அவள்தான் என்னைக் கெடுத்தாள் என்று முடிவாகிவிட்டது. ஏனென்றால் முதலாம் பிள்ளை அப்படி இருக்கமாட்டாள் அல்லவா.

நான் வாய் திறக்கவில்லை. அறையை விட்டு வெளியே வந்து அவளைக் கடந்து வகுப்புக்குப் போனேன். 9 ஏ எடுத்தேன். அவள் வேறொரு பாடசாலையில் பரீட்சை எழுதினாள், உயர்தரத்துக்குப் போகவில்லை.

2018 உயர்தரப் பெறுபேறு வந்த டிசம்பரில் எங்கள் சந்தியில் என் படத்தோடு பதாகை கட்டினார்கள். அம்மா அதன் கீழ் நின்று படம் எடுத்தார். அந்தப் பதாகையைப் பார்த்தபோது நான் நினைத்தது அந்த அலுவலக அறையைத்தான். பத்து வயதில் புலமைப்பரிசில் சித்தியடைந்த நாளிலிருந்து எனக்கு ஒரு கணக்கு இருந்தது. புள்ளி எடுக்க எடுக்க, என்னில் இருக்கிற மற்றதை ஒரு நாள் எல்லோரும் மன்னிப்பார்கள் என்ற கணக்கு. பின்னால் வரப்போகிற குற்றத்துக்கு முன்கூட்டியே தண்டம் கட்டுவதுபோல ஏ எடுத்துக்கொண்டிருந்தேன். என்னைப்போன்ற பிள்ளைகள் பலர் இந்தக் கணக்கோடுதான் 4.30க்கு எழும்புகிறார்கள் என்று வளர்ந்தபிறகு தெரிந்துகொண்டேன். அவர்களில் சிலர் உங்கள் பாடசாலைச் சுவர்களில் பொன்னெழுத்தில் இருக்கிறார்கள். உங்கள் பரிசளிப்பு விழாக்களில் மேடையேறி உங்கள் கையாலேயே கேடயம் வாங்கியிருக்கிறார்கள்.

பரீட்சைத் திணைக்களம் விடைத்தாளில் பெயர் எழுத விடுவதில்லை. சுட்டெண் மட்டும். யார் பிள்ளை, எந்த ஊர், யாரை விரும்புகிறாள் என்று பார்க்காமல் விடைக்குப் புள்ளி போடுவார்கள். உங்கள் போட்டி விதியும் அதுதானே? பிரதியில் பெயர் இருக்கக்கூடாது, இலக்கம் மட்டும். என் இலக்கம் 17. மூன்று நடுவர்கள் 17ஆம் இலக்கத்தை வாசித்தார்கள், முதலிடம் கொடுத்தார்கள். அவர்கள் போட்ட புள்ளியை நீங்கள் அழிக்கிறீர்கள்.

முதலாம் பிள்ளை அப்படி இருக்கக்கூடாது என்று நீங்கள் எழுதியதும், முதலாம் பிள்ளை அப்படி இருக்கமாட்டாள் என்று அந்த அறையில் முடிவெடுத்ததும் ஒன்றுதான். அன்று அந்த எண்ணத்துக்கு என் சிநேகிதியின் படிப்பு போனது. அதை என் கையாலேயே என் நாவலில் எழுதித் தரும்படி கேட்கிறீர்கள். முடியாது. நாவலில் மாவட்ட முதலிடம் போட்டிக்காரிக்குப் போவது ஏன் என்று நடுவர் ஒருவர் குறிப்பில் கேட்டிருந்தார், கதாநாயகிக்குத்தானே போகவேண்டும் என்று. அந்த இடம் என் சிநேகிதிக்கு நான் வைத்த இடம்.

தவறை உணர்வது பற்றி. எந்தத் தவறை? உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து நீக்கியது 1990 மே 17 அன்று, நான் பிறப்பதற்கு ஒன்பது வருடங்களுக்கு முன்னால். உங்கள் கடிதத்தில் நாட்டின் சட்டத்தையும் கவனத்தில் கொள்ளவேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. சட்டத்தை நானும் வாசித்திருக்கிறேன். தண்டனைச் சட்டக்கோவை 1883இல் ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது. என்னைப்போன்றவர்களின் உறவைக் குற்றமாக்கப் பாவிக்கிற 365, 365அ என்ற அந்தப் பிரிவுகள் நம் பெரியவர்கள் எழுதியவை அல்ல. 1995இல் திருத்தியபோது, ஆண்களை மட்டும் சொன்ன 365அ பிரிவை எல்லோருக்குமாக்கி, பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 2023 மே மாதம், இந்தக் குற்றத்தை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தச் சட்டமூலம் சட்டமாகவில்லை, அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் பேருந்தில் கைகோர்ப்பதை எந்தப் பிரிவு தடுக்கிறது? இரண்டு பெண்கள் ஐஸ்கிரீம் சாப்பிடும் நாவல் ஒன்றை எழுதுவதை எந்தப் பிரிவு தடுக்கிறது? பேசவும் எழுதவும் வெளியிடவும் உள்ள சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14(1)(அ) எனக்குத் தந்திருக்கிறது. சட்டத்தின் பெயரைச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கனடாவைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே 2005 முதல் இரண்டு பெண்கள் சட்டப்படி மணம் முடிக்கலாம். ஊரில் வாழ முடியாமல் அப்படியான நாடுகளைத் தேடிப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் இங்கே தனியாக இருக்கிறார்கள். என் கதையின் இரண்டு பிள்ளைகளும் இந்த ஊரிலேயே இருக்கவேண்டும், கன்னியா வெந்நீரூற்றில் குளித்து, நிலாவெளிக்குச் சைக்கிளில் போய், பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் பூ வாங்கி இங்கேயே வயதாகவேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசைதான் நாவல்.

சரி, பகிடி. இதுதான் எனக்கு மிகவும் வலித்த இடம்.

இந்த ஊர் இவ்வளவு துன்பம் கண்ட ஊர், இங்கிருந்து வரும் எழுத்துக்குப் பொறுப்பு இருக்கிறது என்கிறீர்கள். துன்பம் எனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2006 ஜனவரி 2 அன்று நம் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். படித்து முன்னேறவேண்டும் என்று இருந்த பிள்ளைகள். பின்னேரம் காற்று வாங்கப் போனவர்கள். எனக்கு அப்போது ஆறு வயது. அதற்குப் பிறகு பல வருடம் அம்மா எங்களைக் கடற்கரைக்கு விடவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடல், ஆனால் கடலின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தோமே தவிர மணலில் கால் வைக்கவில்லை. பொழுது சாய்ந்து ஒரு பிள்ளை வீடு திரும்பப் பிந்தினால் தெருவே வாசலுக்கு வந்து நிற்கும்.

அந்தக் கடற்கரையில்தான் என் நாவல் முடிகிறது. மூன்று ஏ எடுத்த இரண்டு பிள்ளைகள் இருட்டும்வரை மணலில் இருந்து சிரிக்கிறார்கள். எவரும் அவர்களைச் சுடவில்லை, எவரும் துரத்தவில்லை, அவர்கள் அழவும் இல்லை. எட்டு மணிக்கு அம்மம்மா போன் எடுக்கிறார், இடியப்பம் ஆறுகிறது என்று. இந்தக் காட்சியை எழுத எனக்கு ஏழு மாதம் பிடித்தது. இதைப் பாரமில்லாத எழுத்து என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இந்த ஊரில் ஒரு இளையவள் கடற்கரையில் இருந்து பயமில்லாமல் சிரிப்பதைவிடப் பெரிய விடயம் என்ன இருக்கிறது?

நான் வளர்ந்த காலத்தில் என்னைப்போன்ற ஒரு பெண்ணைக் கதைகளில் தேடினேன். நூலகத்தில், பழைய சஞ்சிகைகளில், சினிமாவில். கிடைத்த ஒன்றிரண்டு இடத்திலும் அவள் கிணற்றில் விழுந்தாள், அல்லது அடிவாங்கித் திருந்தினாள், அல்லது மற்றவர்கள் சிரிப்பதற்காக ஒரு நிமிடம் வந்துபோனாள். சந்தோசமாக ரியூசனுக்குப் போய்வருகிற ஒருத்தியை நான் ஒரு இடத்திலும் காணவில்லை. பதினாறு வயதில் அதை வாசிக்கிற பிள்ளை தனக்கும் கிணறுதான் என்று நினைக்கும். நானும் நினைத்தேன். எத்தனை இரவு நினைத்தேன் என்று இங்கே எழுதமாட்டேன். ஆனால் நீங்கள் கேட்கிற சோக முடிவு எங்களுக்குப் புதிதில்லை, அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். நாங்கள் அழும்போது உங்களுக்கு எங்கள்மேல் இரக்கம் வருகிறது. சிரித்தால் ஏன் கோபம் வருகிறது?

நாவலை முழுவதுமாக முதலில் வாசித்தவள் என் சிநேகிதி. ஆமாம், அவள்தான். எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று எழுதமாட்டேன், நலமாக இருக்கிறாள். பத்து வருடத்துக்குப் பிறகு, தயங்கித் தயங்கி அவளுக்குப் பிரதியை அனுப்பினேன். அன்று அறையில் வாய் திறக்காததற்கு மன்னிப்பும் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரவு வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. மான் வினாத்தாளைத் தின்கிற இடத்தை வாசித்துவிட்டுச் சிரிக்கிறாள். சொல் ஒன்றும் இல்லை, ஒரு நிமிடம் முழுக்கச் சிரிப்பு மட்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒன்று அனுப்பினாள். அவளுக்காகத்தான் அந்தப் பகிடிகள். அவற்றில் ஒன்றைக்கூட நான் வெட்டமாட்டேன்.

கடிதத்தில் நீங்கள் பாவித்த சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். "ஓரினச்சேர்க்கை" என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் உடலுறவை மட்டும் சொல்கிறது. என் நாவலில் அது இல்லை. அங்கே இருப்பது ஒருத்திக்கு இன்னொருத்திமேல் வருகிற விருப்பம். தன்பாலீர்ப்பு என்று சொல்லலாம், பால்புதுமை என்று சொல்லலாம். 2022இல் தமிழ்நாடு அரசு, சென்னை உயர் நீதிமன்றம் எடுத்த முயற்சியால், இப்படியான மரியாதைச் சொற்களின் தொகுப்பை அரசிதழிலேயே வெளியிட்டது. தமிழை வளர்க்கவென்று கூடியிருக்கிற நீங்கள் தமிழில் ஏற்கெனவே இருக்கிற நல்ல சொல்லை விட்டுவிட வேண்டியதில்லை.

உங்களில் இருவர் எனக்குச் சிறுவயதில் கவிதை சொல்லித் தந்தவர்கள். என் முதல் கதை உங்கள் மலரில்தான் வந்தது, அப்போது எனக்கு 14 வயது. உங்கள்மேல் உள்ள மதிப்பு போய்விடவில்லை. அதனால்தான் பிரதியைப் பேசாமல் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு இடம் தேடாமல் இவ்வளவும் எழுதுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பவை இவை. நடுவர்கள் தந்த முடிவை அவர்கள் தந்தபடியே அறிவியுங்கள். பிரதியை ஒரு வரியும் மாற்றாமல் பதிப்பியுங்கள். அது உங்களால் முடியாது என்றால், முதலிடத்துக்குத் தேர்வான நாவலை நிர்வாகக் குழு ஏற்க மறுத்தது என்பதை, மறுத்த காரணத்தோடு, பரிசளிப்பு விழா மேடையிலேயே சொல்லுங்கள். இரண்டாமிடத்தில் இருப்பவரை ஒன்றும் சொல்லாமல் முதலிடத்துக்கு ஏற்றாதீர்கள். அவரும் வியர்வை சிந்தி எழுதியவர், தனக்கு எப்படிப் பரிசு வந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்கும் உரிமை இருக்கிறது. பதிப்பிக்க முடியாது என்றால் உங்களிடமுள்ள மூன்று பிரதிகளையும் எனக்குத் திருப்பித் தாருங்கள், திருத்தப்பட்ட வடிவம் எதையும் என் பெயரிலோ இலக்கத்திலோ வெளியிடாதீர்கள்.

அடுத்த வருடம் போட்டி வைக்கும்போது, எதைப் பற்றி எழுதக்கூடாது என்று உங்களுக்கு ஒரு பட்டியல் இருந்தால் அதை அறிவித்தலிலேயே அச்சிடுங்கள். பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி ஒரு வருடம் முழுக்கக் கண்விழித்து எழுதி, முதலிடம் என்று கேள்விப்பட்டுத் துள்ளி, அதற்குப் பிறகு இப்படி ஒரு கடிதத்தைப் பிரிக்கக்கூடாது. எனக்கு வயது 26, வீட்டில் ஆதரவு இருக்கிறது, தாங்கினேன். அவளுக்கு அது இல்லாமல் இருக்கலாம்.

போட்டிக்கு எழுதுகிற எவருடைய வீட்டுக்கும் அவர் எழுதியதைப் பற்றித் தொலைபேசி எடுக்கமாட்டோம் என்று எழுத்தில் உறுதி தாருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அழைப்பால் ஒன்றும் ஆகவில்லை. வேறொரு வீட்டில் அதே அழைப்பால் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கலாம், கை ஓங்கப்படலாம், அவசரக் கலியாணம் நடக்கலாம். என் அப்பாவுடன் பேசியவர் அப்பாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்கவேண்டும். பட்டறை காலை ஏழு மணிக்குத் திறக்கும்.

இந்த மாதம் முடிவதற்குள் எழுத்தில் பதில் தாருங்கள், என் முகவரிக்கு, என் பெயருக்கு. விழா நடந்து, நடுவர்களின் முடிவை நீங்கள் அறிவிப்பதாக இருந்தால், முன்வரிசையில் எனக்கு இரண்டு இருக்கை வேண்டும். ஒன்று அப்பாவுக்கு. மற்றதில் யார் வந்திருப்பார் என்று நீங்கள் கேட்கவேண்டாம்.

இப்படிக்கு,
17ஆம் இலக்கப் பிரதியை எழுதியவள்,
திருகோணமலை.